பொத்தானை அழுத்தத் தெரிந்தால் போதுமா?

நீர் இறைக்கும் பம்பு ஒன்றைப் பிரித்துப் பார்த்தால் அதன் நடுவே ஓர் எஃகு ஷாஃப்ட் இருப்பதைக் காணலாம். அந்த ஷாஃப்டின்மீது பேரிங்குகள் இறுக்கமாக அமர்ந்திருக்கும். ஷாஃப்ட் சற்றே பருத்துவிட்டால் பேரிங் அதில் ஏறாது. அடித்து ஏற்றினால் விரைவில் கெட்டுப்போகும். சற்றே மெலிந்துவிட்டாலோ பேரிங்கின் உள்வளையம் ஷாஃப்டின்மீது நழுவிச் சுற்றும். நாளடைவில் பம்பு அதிரத் தொடங்கும்.

இந்தச் 'சற்று' என்பது எவ்வளவு தெரியுமா? 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஷாஃப்டில் பேரிங் அமரும் இடத்திற்கு வரைபடங்களில் வழக்கமாகக் காணப்படும் ஓர் அளவு, 50.002 மில்லிமீட்டர் முதல் 50.018 மில்லிமீட்டர் வரை. இடையே உள்ள வேறுபாடு 0.016 மில்லிமீட்டர், அதாவது 16 மைக்ரான். மனிதனின் தலைமயிர் ஏறத்தாழ 70 மைக்ரான் தடிமன் உள்ளது. மயிரிழையில் நான்கில் ஒரு பங்குக்குள் அளவு நிற்க வேண்டும்!

இத்தகைய ஷாஃப்டுகள் எல்லாம் பெரிய தொழிற்சாலைகளில்தான் உருவாகின்றன என்று எண்ணிவிடாதீர்கள். கோயம்புத்தூரில் கணபதி, ஆவாரம்பாளையம், பீளமேடு போன்ற பகுதிகளில் தெருவுக்குத் தெரு சிறு பட்டறைகள் இருக்கின்றன. நான்கு பேரோ பத்துப் பேரோ வேலை செய்யும் பட்டறைகள் அவை. 1932 இல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியபின் அங்கே ஆலைகள் பெருகின. ஆலைகளுக்கு உதிரி பாகம் செய்யவும் பழுது பார்க்கவும் பட்டறைகள் தோன்றின. பிறகு பம்புகளும் மோட்டார்களும் வந்தன. சென்னை அம்பத்தூரிலும், திருச்சி துவாக்குடியிலும், ஓசூரிலும் இதுபோன்ற பட்டறைகள் பலவுண்டு.

இப்பட்டறைகளில் சென்ற சில பத்தாண்டுகளில் ஒரு பெரிய மாறுதல் நிகழ்ந்துள்ளது. கையால் இயக்கும் லேத் இருந்த இடத்தில் கணிப்பொறியால் இயங்கும் சி.என்.சி. எந்திரம் வந்து நிற்கிறது. வரைபடம் காகிதச் சுருளாக வருவதில்லை. கைபேசியிலோ மின்னஞ்சலிலோ வருகிறது. "எந்திரமே எல்லாவற்றையும் செய்துவிடுகிறது. இனித் தொழில் கற்றவன் எதற்கு? பொத்தானை அழுத்த ஓர் ஆள் இருந்தால் போதாதா?" என்று பலர் கேட்கிறார்கள்.

போதாது என்பதே என் கருத்து. அதிலும், பெரிய தொழிற்சாலைக்கு ஒருவேளை போதுமானதாக இருப்பதும் சிறு பட்டறைக்குப் போதாது. ஏன் என்று பார்ப்போம்.

கையில் இருந்த கல்வி

முதலில் பழைய லேத்தை எடுத்துக்கொள்வோம். கடைய வேண்டிய இரும்புத் தண்டை 'சக்' என்னும் பிடிப்பானில் மாட்டுவார்கள். அது சுழலும்போது, கூர்மையான டூல் அதன்மீது பட்டு உலோகத்தைச் சீவும். டூலை முன்னும் பின்னும் நகர்த்துவது டர்னரின் கைகள். ஒரு கை குறுக்கே நகர்த்தும் சக்கரத்தில். மற்றொரு கை நெடுக நகர்த்தும் சக்கரத்தில்.

நல்ல டர்னருக்குக் கண், காது, கை மூன்றும் அளவுகோல்கள். சீவல் நீலநிறமாக வந்தால் சூடு மிகுகிறது என்று அறிவார். எந்திரம் 'கிர்ர்' என்று கீச்சிட்டால் டூல் அதிர்கிறது என்றோ, பிடிப்பு தளர்ந்துள்ளது என்றோ புரிந்துகொள்வார். மைக்ரோமீட்டரை எவ்வளவு அழுத்தத்துடன் திருக வேண்டும் என்பது அவர் விரல்களுக்குத் தெரியும். இவற்றைப் புத்தகத்தில் படித்துக் கற்க முடியாது. மூத்த தொழிலாளியின் அருகில் பல ஆண்டுகள் நின்று கற்றவை இவை.

இந்த முறையில் குறைகளும் இருந்தன. கற்க நெடுங்காலம் ஆயிற்று. பல பட்டறைகளில் மூத்தவர் தம் இரகசியத்தை எளிதில் சொல்லித்தர மாட்டார். காலையில் கடைந்த ஷாஃப்டும் மாலையில் களைத்துப்போய்க் கடைந்த ஷாஃப்டும் ஒன்றுபோல் அமையா. கை நழுவினால் விபத்து. ஆகவே பழைய முறையைப் பொற்காலம் என்று போற்றுவது என் நோக்கமன்று.

திறன் அழிவதில்லை, இடம் மாறுகிறது

தொழில் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால் இதுபோன்ற மாறுதல் முன்பும் நிகழ்ந்திருப்பதைக் காணலாம். 1800 ஆம் ஆண்டையொட்டி இங்கிலாந்தில் ஹென்றி மாட்ஸ்லே என்பவர் திருகுமறை வெட்டும் சிறந்த லேத் ஒன்றை அமைத்தார். அதற்கு முன் உலோகம் கடைபவர்கள் பெரும்பாலும் டூலைக் கையில் பிடித்துக்கொண்டே வேலை செய்தனர். மாட்ஸ்லேயின் எந்திரத்தில் டூலை இரும்புத் தாங்கி ஒன்று அசையாமல் பிடித்துக்கொண்டது. கையின் உறுதி எந்திரத்திற்குள் புகுந்துவிட்டது!

அப்போது கைத்திறன் அழிந்ததா? இல்லை. மாட்ஸ்லேயின் பட்டறையில் வேலை செய்தவர்களுள் ஒருவரான ஜோசப் விட்வொர்த், மிக நுட்பமாக அளப்பதிலும் உலோகப் பரப்பை மட்டமாக்குவதிலும் பெயர் பெற்றார். திருகுமறைகள் எங்கும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்று 1841 இல் ஒரு தரமுறையை வகுத்தவர் அவரே. கையை நடுங்காமல் வைத்திருக்கும் திறனுக்குப் பதிலாக, அளக்கும் திறன் முன்னே வந்தது.

அடுத்த பெரிய மாறுதல் அமெரிக்காவில் நிகழ்ந்தது. மிச்சிகன் மாநிலத்தில் ஜான் பார்சன்ஸ் என்பவர் ஹெலிகாப்டரின் சுழல் இறக்கைகளைத் தயாரித்து வந்தார். இறக்கையின் வளைவைத் துல்லியமாக வெட்ட, வளைவின்மீதுள்ள பல புள்ளிகளின் இடங்களைக் கணக்கிட்டு, அந்த எண்களைக் கொண்டே எந்திரத்தை நகர்த்தலாம் என்று அவருக்குத் தோன்றியது. 1949 இல் அமெரிக்க விமானப்படை இந்த ஆராய்ச்சிக்குப் பணம் தந்தது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், துளையிட்ட காகித நாடாவிலுள்ள எண்களைப் படித்துத் தானே இயங்கும் எந்திரம் 1952 இல் இயக்கிக் காட்டப்பட்டது. இதுவே 'எண்வழிக் கட்டுப்பாடு' எனப்படும் முறையின் தொடக்கம். பின்னர் 1970களில் மைக்ரோபிராசசர் வந்தபோது, எந்திரத்தோடு ஒரு சிறு கணிப்பொறியையே இணைக்க முடிந்தது. இப்படிப் பிறந்ததே சி.என்.சி. விலையும் படிப்படியாக இறங்கியது. சிறு பட்டறைக்காரரும் வங்கிக் கடன் பெற்று வாங்கும் நிலை வந்தது.

நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று இவ்வரலாற்றில் உண்டு. 1940களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் வேறொரு வழியையும் ஆராய்ந்தது. அதில், தேர்ந்த தொழிலாளி முதல் பொருளைத் தம் கையாலேயே செய்வார். அவர் எந்திரத்தை நகர்த்திய அசைவுகள் காந்த நாடாவில் பதிவாகும். பிறகு அந்த நாடா எந்திரத்தை இயக்கும். பாடகரின் குரலைப் பதிவு செய்வதுபோல் தொழிலாளியின் கையைப் பதிவு செய்யும் முறை இது. ஆனால் இம்முறை நிலைபெறவில்லை. காகிதத்தில் எண் எழுதும் முறையே வென்றது.

ஏன்? அமெரிக்க வரலாற்றாசிரியர் டேவிட் நோபிள் 1984 இல் வெளியிட்ட ஆய்வு நூலில் இக்கேள்வியை எழுப்பினார். வேலையின் கட்டுப்பாடு பட்டறைத் தளத்திலிருந்து அலுவலக அறைக்கு மாற வேண்டும் என்று நிர்வாகங்கள் விரும்பியதும் இதற்கு ஒரு காரணம் என்பது அவர் வாதம். கையால் செய்ய முடியாத சிக்கலான வளைவுகளுக்கு எண்களே ஏற்றவை என்பதும் உண்மையே. எப்படியாயினும் ஒன்று தெளிவாகிறது. ஓர் எந்திரத்தை வைத்து வேலையை எப்படிப் பங்கிடுவது என்பதை எந்திரம் தீர்மானிப்பதில்லை, மனிதர்கள் தீர்மானிக்கிறார்கள்.

எந்திரத்திற்குத் தெரியாதவை

சி.என்.சி. எந்திரம் தரப்பட்ட கட்டளைகளை வரிவரியாக நிறைவேற்றும். 'ஜி 00' என்றால் விரைந்து செல். 'ஜி 01' என்றால் குறித்த வேகத்தில் நேர்க்கோட்டில் வெட்டிச் செல். 'ஜி 02', 'ஜி 03' என்றால் வளைந்து செல். 'எம் 30' என்றால் வேலை முடிந்தது. இக்கட்டளைகளை உங்களில் எவரும் ஒரு வாரத்தில் மனப்பாடம் செய்துவிடலாம். ஆனால் எந்த எண்ணை எழுதுவது என்பதில்தான் தொழிலே இருக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். முதலில் கூறிய 50 மில்லிமீட்டர் ஷாஃப்டை ஓர் இளைஞர் சி.என்.சி. எந்திரத்தில் கடைகிறார். வெட்டும்போது உலோகம் சூடேறும் என்பது உங்களுக்குத் தெரியும். கடைந்து முடித்ததும் ஷாஃப்ட், மைக்ரோமீட்டரைவிட 20 டிகிரி செல்சியஸ் கூடுதல் சூட்டில் இருப்பதாகக் கொள்வோம். எஃகு, ஒரு டிகிரி சூடேறினால் தன் நீளத்தில் பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 12 பங்கு விரியும். கணக்கிடுங்கள்:

50 × 0.000012 × 20 = 0.012 மில்லிமீட்டர்.

அதாவது 12 மைக்ரான். அனுமதிக்கப்பட்ட வேறுபாடே 16 மைக்ரான்தான் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

ஷாஃப்டின் உண்மையான அளவு, ஆறியபின் 50.010 மில்லிமீட்டர். மிகச் சரியான அளவு. ஆனால் சூட்டோடு அளந்த இளைஞருக்கு மைக்ரோமீட்டர் 50.022 என்று காட்டுகிறது. "அளவு கூடிவிட்டதே!" என்று அவர், டூல் இன்னும் 12 மைக்ரான் விட்டம் குறைத்து வெட்டுமாறு எந்திரத்திற்குத் திருத்தம் தருகிறார். அடுத்த ஷாஃப்டைச் சூட்டோடு அளந்தால் 50.010 என்று காட்டுகிறது. அவருக்கு மகிழ்ச்சி. மேலும் 40 ஷாஃப்டுகளை அப்படியே கடைந்து அடுக்கிவிடுகிறார். மாலையில் ஆறியபின் எடுத்து அளந்தால் ஒவ்வொன்றும் 49.998! அத்தனையும் மெலிந்துவிட்டன. பருத்திருந்தால் மீண்டும் கடையலாம். மெலிந்த இரும்பைப் பருக்க வைக்க முடியுமா?

இதில் எந்திரத்தின் பிழை எதுவும் இல்லை. சொன்னதைச் சொன்னபடி செய்தது. இளைஞரும் சோம்பேறி அல்லர். பொறுப்போடு அளந்து, பொறுப்போடு திருத்தினார். அவருக்கு இல்லாமற்போனது ஓர் அறிவு: அளப்பதற்கும் ஒரு வெப்பநிலை உண்டு என்னும் அறிவு. பொருள்களின் அளவுகள் 20 டிகிரி செல்சியஸுக்கு உரியவை என்று 1931 இல் உலக அளவில் ஏற்றுக்கொண்டார்கள். நம் ஊர்ப் பட்டறையில் 35 டிகிரி இருந்தாலும் கவலையில்லை. எஃகு ஷாஃப்டும் எஃகு அளவியும் ஒரே சூட்டில் இருந்தால் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோல் விரியும். ஒன்று சூடாகவும் மற்றொன்று ஆறியும் இருந்தால்தான் ஏமாற்றம். ஏழாம் வகுப்பிலோ எட்டாம் வகுப்பிலோ படித்த வெப்ப விரிவு இங்கே எவ்வளவு பெரிய வேலை செய்கிறது, பாருங்கள்!

மற்றோர் எடுத்துக்காட்டு. டூல் உலோகத்தின்மீது உரசிச் செல்லும் வேகம் மிக முக்கியமானது. விட்டம் 50 மில்லிமீட்டர், நிமிடத்திற்கு 640 சுற்றுகள் என்றால், பரப்பின் வேகம் 3.14 × 50 × 640 ÷ 1000, அதாவது நிமிடத்திற்கு ஏறத்தாழ 100 மீட்டர். கார்பைடு டூலுக்கு இது எளிய வேலை. ஆனால் பழைய அதிவேக எஃகு டூலுக்குச் சாதாரண இரும்பில் சுமார் 30 மீட்டரே உகந்தது. 100 மீட்டரில் ஓட்டினால் அதன் முனை தீய்ந்துவிடும்.

சி.என்.சி. எந்திரத்தில் ஒரு வசதி உண்டு. பரப்பு வேகம் மாறாமல் இருக்க வேண்டும் என்று கட்டளையிட்டால், விட்டம் குறையக் குறைய எந்திரமே சுற்று எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்ளும். தண்டின் முகப்பை ஓரத்திலிருந்து மையம் நோக்கிச் சீவும்போது என்ன ஆகும்? விட்டம் 5 மில்லிமீட்டர் ஆகும்போது அதே 100 மீட்டர் வேகத்திற்கு நிமிடத்திற்கு சுமார் 6,370 சுற்றுகள் தேவை. மையத்தை நெருங்க நெருங்க வகுக்கும் எண் பூச்சியத்தை நோக்கிச் செல்கிறது. விடையோ எல்லையின்றி ஏறுகிறது. சக் தாங்கக்கூடிய சுற்று எண்ணிக்கைக்கு ஓர் எல்லையை முன்கூட்டியே எழுதி வைக்காவிட்டால், பிடிப்புத் தளர்ந்து தண்டு பறந்துவிடக்கூடும். பூச்சியத்தால் வகுக்கக் கூடாது என்று ஆசிரியர் வகுப்பில் சொன்னது உயிர்காக்கும் பாடமாகிறது.

சிறு பட்டறையின் தனித்தன்மை

"இவற்றையெல்லாம் ஒரு பொறியாளர் முன்பே எண்ணி எழுதிவைத்துவிட்டால், எந்திரத்தருகே நிற்பவருக்கு இந்த அறிவு எதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி.

கார்த் தொழிற்சாலைக்கு உறுப்புகள் செய்யும் பெரிய நிறுவனத்தை எண்ணிப் பாருங்கள். அங்கே ஒரே உறுப்பு இலட்சக்கணக்கில் தேவை. பொறியாளர் குழு பல வாரம் ஆராய்ந்து ஒரு புரோகிராம் எழுதுகிறது. அது மாதக்கணக்கில் மாறாமல் ஓடும். பொருளை மாட்டி, பொத்தானை அழுத்தி, எடுப்பவர் இருந்தால் பெரும்பாலும் வேலை நடந்துவிடும்.

சிறு பட்டறையின் வாழ்வு வேறு. காலையில் பம்பு ஷாஃப்ட் 60. மதியம் பித்தளை புஷ் 25. மறுநாள் ஆலையில் உடைந்துபோன உருளை ஒன்றே ஒன்று. ஒவ்வொரு வேலைக்கும் புது எண்கள், புது டூல், புதுப் பிடிப்பு. பொறியாளர் குழு வைத்துக்கொள்ள அப்பட்டறைக்கு வசதி கிடையாது. பெரும்பாலும் உரிமையாளரோ ஒரே ஒரு 'செட்டரோ'தான் எல்லாவற்றையும் ஏற்பாடு செய்து தருவார். அவர் வெளியே போய்விட்டால் எந்திரமும் நின்றுவிடும். பல இலட்சம் ரூபாய்க் கடனில் வாங்கிய எந்திரம், ஒரு டூல் முனை மழுங்கியதால் மாலைவரை சும்மா நிற்பதைவிடப் பெரிய இழப்பு உண்டா?

ஆகவே, புதிய எந்திரம் சிறு பட்டறையில் தேவைப்படும் அறிவைக் குறைக்கவில்லை, கூட்டியிருக்கிறது. ஆனால் வேலையைப் பங்கிடும் முறையோ பல இடங்களில் தலைகீழாக இருக்கிறது. எண் எழுதுபவர் ஒருவர். எந்திரத்தருகே நிற்பவர் வேறொருவர். எழுதுபவர் சீவலின் நிறத்தைப் பார்ப்பதில்லை. பார்ப்பவருக்கு எழுத அனுமதியில்லை. பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ தமிழ்நாட்டின் சிற்றூரிலிருந்தோ வந்த இளைஞர், சில வாரங்களில் மாட்டவும் அழுத்தவும் எடுக்கவும் கற்கிறார். ஐந்தாண்டு கழிந்தபின்னும் அதற்குமேல் அவர் கற்பதில்லை. ஐந்தாண்டு பணிசெய்த டர்னர் அந்நாளில் ஒரு தொழிலின் சொந்தக்காரர். இன்று அதே காலம் பணிசெய்த ஆப்பரேட்டருக்குத் தம்முடையது என்று சொல்ல என்ன இருக்கிறது?

பட்டறைக்கும் இதில் ஆபத்து உண்டு. இன்று செட்டராக இருப்பவர்களில் பலர் பழைய லேத்தில் தொழில் கற்றவர்கள். எந்திரம் கீச்சிட்டால் காரணம் அறிவார்கள். அவர்கள் ஓய்வு பெற்றபின், பொத்தானில் தொடங்கிப் பொத்தானிலேயே நின்றுவிட்ட தலைமுறையிலிருந்து அடுத்த செட்டர் எப்படி வருவார்?

சாவி யாரிடம்?

பல சி.என்.சி. எந்திரங்களின் முகப்பில் ஒரு சிறு சாவித்துளை இருக்கும். புரோகிராமை மாற்ற முடியாதபடி பூட்டிவைக்கும் சாவி அது. பல பட்டறைகளில் அது உரிமையாளரின் சட்டைப்பையில் இருக்கும்.

உரிமையாளரைக் குறை கூறிவிட முடியாது. சிலவகை எந்திரங்களில் 'எக்ஸ் 50.0' என்று எழுதுவதற்குப் பதிலாகப் புள்ளியை விட்டுவிட்டு 'எக்ஸ் 50' என்று எழுதினால், எந்திரம் அதை 50 மைக்ரான் என்று எடுத்துக்கொண்டு தண்டின் மையத்தை நோக்கிப் பாயும். டூல் உடையும், சில வேளை எந்திரமே பழுதாகும். ஒரு புள்ளிக்குக் கொடுக்கும் விலை அது!

ஆனால் பூட்டி வைப்பது ஒன்றே வழியா? எழுதிய புரோகிராமைத் திரையில் ஓட்டிப் பார்க்கலாம். பொருளை மாட்டாமல் வெறுமனே இயக்கிப் பார்க்கலாம். இதைப் பட்டறையில் 'டிரை ரன்' என்பார்கள். ஒவ்வொரு வரியாக நிறுத்தி நிறுத்தியும் இயக்கலாம். இம்மூன்றையும் கற்றுத்தந்து, பின்னர் சாவியைத் தரலாம். மேற்கு ஜெர்மனியில் 1980களில், எந்திரத்தருகே நிற்பவரே வரைபடத்தைப் பார்த்து எளிதாகப் புரோகிராம் அமைப்பதற்கென்று கட்டுப்பாட்டுத் திரைகளையே வடிவமைத்தார்கள். கணிப்பொறியைக் கொண்டு தொழிலாளியின் கையைக் கட்டவும் செய்யலாம். அதே கணிப்பொறியை அவர் கையில் கொடுக்கவும் செய்யலாம் என்பதற்கு இது சான்று.

உரிமையாளர்களுக்கு மற்றொரு கவலையும் உண்டு. "நான் செலவு செய்து கற்றுத்தருவேன், கற்றவுடன் அடுத்த தெருப் பட்டறையில் இரண்டாயிரம் ரூபாய் கூடத் தருகிறார்கள் என்று போய்விடுவான்" என்பார்கள். இது வெறும் சாக்கு அன்று, உண்மையான இடர்ப்பாடு. ஒவ்வொருவரும் தனித்தனியே இப்படி எண்ணினால் எவருமே கற்றுத்தர மாட்டார்கள்; முடிவில் எல்லோருக்கும் ஆள் இராது. தனியே தீராத இச்சிக்கல் கூடிச் செய்தால் தீரும். ஜெர்மனியில் உலோகத் தொழில் பயிலும் இளைஞர் வாரத்தில் சில நாள் தொழிற்கூடத்திலும் ஓரிரு நாள் தொழிற்பள்ளியிலும் கழிக்கிறார். உலோகம் கடையும் தொழிலுக்கு இப்பயிற்சி மூன்றரை ஆண்டுகள் நடைபெறுகிறது. தேர்வை நடத்துவது தனி நிறுவனமன்று, தொழில் மன்றங்கள். நம் நாட்டிலும் தொழில் பழகுநர் சட்டம் 1961 முதல் இருக்கிறது. பழகுநருக்குத் தரும் உதவித்தொகையில் ஒரு பகுதியை மைய அரசு ஏற்கும் திட்டம் 2016 இல் தொடங்கியது. பத்துப் பட்டறைகள் ஒன்று சேர்ந்து, ஒரு நல்ல பயிற்றுநரை அமர்த்தி, பழகுநர்களைப் பங்கிட்டுக்கொண்டால் செலவும் சுருங்கும், அச்சமும் குறையும்.

அரத்தில் தொடங்குங்கள்

தொழிற்பயிற்சி நிலையங்களைப் பற்றியும் ஒரு சொல். டர்னர் பிரிவு இரண்டாண்டுப் படிப்பு. "சி.என்.சி. வந்தபின் அரம் பிடிக்கவும் சாதாரண லேத் ஓட்டவும் எதற்குக் காலத்தை வீணாக்க வேண்டும்?" என்று கேட்பவர்கள் உண்டு. கணக்குப்பொறி வந்தபின் வாய்ப்பாடு எதற்கு என்று கேட்பதைப் போன்றது இது. அரத்தால் ஓர் இரும்புத் துண்டை மட்டமாக்க முயன்றவருக்குத்தான் 16 மைக்ரான் என்பது என்ன என்று விளங்கும். சாதாரண லேத்தில் டூல் அதிர்வதைக் கையால் உணர்ந்தவர், சி.என்.சி. கதவின் கண்ணாடிக்கு வெளியே நின்றும் அதே அதிர்வைக் காதால் கண்டுகொள்வார். பழைய லேத்தை அகற்றிவிடாமல், முதல் ஆசிரியராக வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி வரும் எந்திரங்கள் வெப்ப விரிவைத் தாமே அளந்து திருத்திக்கொள்ளும். அதிர்வின் ஒலியைக் கேட்டுத் தாமே வேகம் குறைக்கும். இத்தகைய உணர்கருவிகள் இப்போதே உள்ளன. அவை வரட்டும். ஆனால் நாளுக்கொரு வேலை மாறும் பட்டறையில், அக்கருவி சொல்வது சரியா என்று சோதிக்க ஓர் ஆள் தேவை. மாட்ஸ்லேயின் இரும்புத் தாங்கி வந்தபோது அளக்கும் திறன் முன்னே வந்தது போல, இப்போது காரணம் அறியும் திறன் முன்னே வருகிறது.

புது எந்திரத்தால் வந்த நன்மைகளையும் மறக்கலாகாது. பலமான தோள்கள் இருந்தால்தான் டர்னர் ஆகலாம் என்ற நிலை மாறியிருக்கிறது. பெண்களும் இவ்வெந்திரங்களில் சிறப்பாகப் பணியாற்றுகின்றனர். மூடிய கதவுக்குள் வேலை நடப்பதால் சீவல் தெறித்துக் காயம்படுவது குறைந்திருக்கிறது. மூத்தவர் ஒருவர் மனம் இரங்கினால்தான் தொழில் கற்கலாம் என்ற நிலையும் இல்லை. எந்திரத்தின் கையேடு எவருக்கும் திறந்தே இருக்கிறது. இந்தக் கதவுகள் திறந்தபின், உள்ளே வந்தவரைப் பொத்தானுக்கு அப்பால் போகவிடாமல் நிறுத்துவது நியாயமா?

மாணவர்களே! பத்தாம் வகுப்புக்குப்பின் உங்களில் சிலர் தொழிற்பயிற்சி நிலையத்திற்கும், சிலர் பாலிடெக்னிக்குக்கும், சிலர் பொறியியல் கல்லூரிக்கும் போவீர்கள். எங்கே போனாலும், வேலைக்குச் சேரும் நாளில் "சம்பளம் எவ்வளவு?" என்று கேட்பதோடு, "புரோகிராம் எழுதக் கற்றுத்தருவீர்களா?" என்றும் கேளுங்கள். பொறியாளராகப் போகிறவர்கள், நீங்கள் எழுதும் எண்களை நிறைவேற்றும் எந்திரத்தருகே சென்று நின்று, சீவலைப் பாருங்கள், ஒலியைக் கேளுங்கள்.

அதற்கு முன், வரும் விடுமுறையில் ஒன்று செய்யலாம். உங்கள் ஊரில் லேத் பட்டறை ஒன்று கட்டாயம் இருக்கும். உரிமையாளரின் அனுமதி பெற்று, பாதுகாப்பான தூரத்தில் நின்று பாருங்கள். சுழலும் தண்டின் விட்டத்தையும் சுற்று எண்ணிக்கையையும் கேட்டு, பரப்பு வேகத்தைக் கணக்கிடுங்கள். பிறகு அங்கே வேலை செய்யும் அண்ணனிடமோ அக்காவிடமோ, "ஏன் இந்த வேகம்?" என்று கேளுங்கள். அவர் காரணத்தைச் சொன்னால் அது நல்ல பட்டறை. "எனக்குத் தெரியாது, எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்" என்றால், உங்கள் கணக்கை அவருக்குக் காட்டி, இருவருமாகச் சேர்ந்து காரணத்தைத் தேடுங்கள்.